ரப்பர் பூட்ஸோடு கடலுக்கு

எங்கள் தோட்டத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்று நாள் மட்டம் போட்டவன், கொழுந்துப் பையைப் பள்ளத்தில் உருட்டி விட்டவன், லயத்தில் பக்கத்து வீட்டுச் சேவலோடு தகராறு செய்தவன், எல்லோரும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி "லெட்டர் கொண்டா" என்று சொன்னால், என்னைப் போய்ப் பார் என்று அர்த்தம். என் உண்மையான உத்தியோகம் தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட வைப்பது. இருபத்தாறு வருஷம் இலையை வாட வைத்ததில் என் முகமும் கொஞ்சம் வாடிப் போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல முகம் கிடைக்காது.

முன்பெல்லாம் கையால் எழுதுவேன். இப்போது கைப்பேசியில் மாதிரிக் கடிதம் ஒன்று தயாராக இருக்கிறது. மலாய் மொழியில் மூன்று பத்தி. முதல் பத்தியில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் குடும்பக் கஷ்டம். மூன்றாவதில் இனிமேல் சத்தியமாகச் செய்ய மாட்டேன். பெயருக்கும் குற்றத்துக்கும் மட்டும் இடம் காலியாக விட்டிருப்பேன். யார் வந்தாலும் அந்த இரண்டையும் நிரப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அந்தக் கடிதம் ஒரே ஒரு தடவை என்னைக் கைவிட்டது. அது மலையில் இல்லை, கடற்கரையில்.

கடலுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது ஈப்போவில் வேலை பார்க்கும் என் மகள். "இந்த வருஷமாச்சும் அம்மா கடல்ல கால வைக்கணும்பா. நான் புக் பண்ணிட்டேன். ரெண்டு நாளு. நீங்க மாட்டேன்னு சொன்னா அம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள். நான் மாட்டேன் என்று சொன்னதாக எனக்கே ஞாபகம் இல்லை.

சிக்கல் என் மனைவிதான். அவள் பிறந்த வீடு லெம்பா பெர்த்தாமில், அணைக்குக் கீழே, முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவில் இருந்தது. அணையைத் திறந்துவிட்டுச் சேற்று வெள்ளம் வந்த வருஷம் அவளும் மகளும் அங்கே இருந்தார்கள். மகளுக்கு அப்போது எட்டு வயது. அபாயச் சத்தம் கேட்டதும், கதவைப் பூட்டலாமா என்று இவளும், மோட்டார் சைக்கிளை எடுக்கலாமா என்று இவள் தம்பியும் வாசலில் நின்று யோசித்தார்கள். இரண்டு நிமிஷம். அதற்குள் சேறு படிக்கட்டுக்கு வந்துவிட்டது. எல்லோரும் பிழைத்தார்கள். வீடு பிழைக்கவில்லை. முழங்கால் வரை சேற்றில் மகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிய அன்றிலிருந்து, வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் அவள் கால் வைத்ததில்லை. தோட்டத்து ஓடையைக்கூடப் பாலத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டுதான் கடப்பாள்.

அன்றே அவள் குடும்பத்துக்கு ஒரு சட்டமும் போட்டாள். சைரன் கேட்டால் யோசிக்கக் கூடாது. ஏற வேண்டும். மகள் பையை எடுக்க வேண்டும், தம்பி நடக்க முடியாதவர்களைத் தூக்க வேண்டும், இவள் கதவு கதவாகத் தட்ட வேண்டும். மேலே போனதும் ஆள் எண்ண வேண்டும். "மேல போயி யோசிக்கலாம். மேல நேரம் நெறைய இருக்கும்" என்பாள். எனக்கு எந்த வேலையும் தரவில்லை. நான் வழியில் நிற்காமல் இருந்தால் போதும் என்றாள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், அவள் தம்பி, அதாவது என் மச்சானின் காய்கறி வேனில் புறப்பட்டோம். வேனைக் கழுவியதாக மச்சான் சத்தியம் செய்தான். வெங்காயத்தாள் வாசனைக்கு அந்தச் சத்தியம் தெரியவில்லை. கியா பார்ம் பக்கம் போகும்போதே எதிர்ப்பக்கத்தில் கீழ்நாட்டுக் கார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. வாராவாரம் இவர்கள் ஏறி வந்து, என் மனைவி முதுகில் கூடையோடு நிற்பதைப் படம் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். இந்த நாட்டில் எத்தனை கைப்பேசிகளில் என் மனைவியின் முதுகு இருக்கிறதோ தெரியாது. இப்போது அவள் மண்டோர், இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறாள். ஆனாலும் படம் பிடிக்கிறவர்களுக்கு முதுகு முதுகுதான்.

"இன்னிக்கு நாம போயி அவங்க ஊர்ல படம் புடிக்கலாம் மாமா" என்றான் மச்சான்.

"யார புடிக்கிறது?"

"யாராச்சும் வேல செஞ்சிக்கிட்டு இருப்பான்ல. பின்னாடி போயி நின்னு, 'சோ நைஸ்'னு சொல்லிட்டு வந்துருவோம்."

மூட்டை கட்டுவதில் நாங்கள் மலைவாசிகள் என்பது நன்றாகவே தெரிந்தது. நான்கு ஸ்வெட்டர், இரண்டு தடித்த கம்பளி, வெந்நீர் பிளாஸ்க் இரண்டு. மனைவி தன் ரப்பர் பூட்ஸையும் போட்டுக்கொண்டே வந்தாள். கொழுந்துக்காட்டில் அட்டைக்குப் பயந்து போடும் முழங்கால் உயர பூட்ஸ்.

"மா, கடல்ல அட்ட இருக்காது மா" என்றாள் மகள்.

"நீ போயி பாத்தியா?"

லுமுட் பக்கத்தில், கடலை ஒட்டி ஐந்து மாடி ஹோட்டல். பின்பக்கம் காடு மூடிய ஒரு குன்று. வேனை விட்டு இறங்கியதும் நாங்கள் மூன்று பேரும் கடலைப் பார்த்தோம். என் மனைவி குன்றைப் பார்த்தாள். உள்ளே போனதும் கவுண்டரில் நின்ற பெண்ணிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, மேலே போக வழி எது என்பது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே லிப்ட்டைக் காட்டினாள். "லிப்ட்டு கூடாது, படிக்கட்டு" என்று இவள் போய்ப் படிக்கட்டைக் கண்டுபிடித்து, ஒரு தடவை மேல்வரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் அறை இரண்டாவது மாடியில். நாங்கள் கட்டிலில் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியத்துக்கு மேல் கரைக்கு வந்தோம். அவள் பாயைத் தண்ணீரிலிருந்து முப்பது அடி தள்ளி விரித்தாள். கால் மணிக்கு ஒரு தடவை, யாரும் பார்க்காத மாதிரி, பாயை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். நானும் பார்க்காத மாதிரியே இருந்தேன். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே கலை அது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, நீங்க குளிக்கப் போறீங்களா, வாடப் போறீங்களா?" என்றான் மச்சான் தண்ணீருக்குள் நின்று.

"சாப்ட்டுட்டு முடிவு பண்றேன்."

மூன்று மணி வாக்கில் பாய் ஈர மணல் வரை வந்துவிட்டது. அவள் எழுந்து நின்றாள். அலை நுரை வந்து பூட்ஸ் நுனிக்கு ஒரு சாண் முன்னால் நின்று திரும்பிப் போனது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் தோளை அழுத்தினாள். என் மனைவி ஒரு காலைத் தூக்கினாள்.

அப்போது சைரன் அடித்தது.

தூக்கிய கால் தண்ணீரில் படவே இல்லை. அப்படியே திரும்பி மணலில் ஊன்றி, "ஏறு!" என்றாள். அவ்வளவுதான். மச்சான் கடலிலிருந்து பாய்ந்து வந்து, குடைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவரை, அனுமதி கேட்காமல், முதுகில் தூக்கிக்கொண்டான். மகள் "மா, அது இடிக்கு அடிக்கிற சைரனா இருக்கும் மா" என்று கத்தினாள். கத்திக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். நான் துண்டோடு ஓடினேன். செருப்பை விட்டுவிட்டேன், மீ கோரெங் தட்டை விடவில்லை. ஏன் என்று இன்றுவரை வீட்டில் கேட்கிறார்கள்.

என் மனைவி நீச்சல்குளத்தைச் சுற்றி ஓடினாள். "அத்தாஸ்! அத்தாஸ்! ஆயர் டத்தாங்!" மேலே, மேலே, தண்ணீர் வருகிறது. மலாயில் அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் கொழுந்துக்காட்டில் இந்த மலைக்கும் அந்த மலைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஏதோ ஒரு கம்பெனியின் குடும்ப விழாவுக்கு வந்திருந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் முப்பது பேரும் எழுந்து ஓடி வந்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு கதவாகத் தட்டினாள். ரப்பர் பூட்ஸ் படிக்கட்டில் தப் தப் என்று அடித்த சத்தமே ஒரு தனி சைரன் மாதிரி இருந்தது. துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்த ஒரு மாக்சிக், வயதான மலாய் அம்மா, கையில் பாதி மடித்த விரிப்போடு எங்களோடு சேர்ந்துகொண்டார்.

ஐந்தாவது மாடி நடைபாதை நிறைய ஈரத்துணியோடு ஜனம். என் மனைவி விரலை நீட்டி எண்ணினாள். "நாப்பத்தி மூணு. கீழ யாராச்சும் இருக்காங்களா? இருக்காங்களா?" சீனப் பெரியவர் மச்சானின் முதுகிலிருந்து இறங்க மறுத்து, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் எந்த அவசரமும் காட்டவில்லை. பெரிய இடி ஒன்று இடித்தது. மழை கொட்டியது.

லிப்ட் திறந்தது. காவலாளி வெளியே வந்து எங்களைப் பார்த்தார். எல்லோரும் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். அந்த சைரன் மின்னலுக்காம். அடித்தால் குளத்தை விட்டு வெளியே வந்து கீழ்க் கூடத்தில் உட்கார வேண்டுமாம்.

பிறகு ஒரு மஞ்சள் சட்டை சிரித்தது. அப்புறம் முப்பதும் சிரித்தன. ஒருவன் கைப்பேசியைத் தூக்கி, முதலில் என் மனைவியின் பூட்ஸையும், அப்புறம் என் துண்டையும் தட்டையும் படம் பிடித்தான். இந்தத் தடவை முதுகு இல்லை, முகம். நான் வழக்கப்படி ஒரு ஜோக் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீ கோரெங்கை ஒரு வாய் போட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நாலரை மணிக்கு ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். துணை மேனேஜர் நம் தமிழ்ப் பையன்தான். கோட்டு, டை. முதலில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

"தமிழ்லயே திட்டுப்பா. எங்களுக்குப் புரியணும்ல" என்றாள் என் மனைவி.

"திட்டல ஆன்ட்டி. கெஸ்ட் எல்லாம் கம்ப்ளேன் பண்றாங்க. பேனிக் ஆயிட்டாங்க. ஒருத்தரு பிள்ளைக்கு பெர்த்டே கேக் பூல் பக்கத்துல வெச்சிருந்தாங்க, மழையில போச்சு. என் பாஸ் போன்ல காத்துக்கிட்டு இருக்காரு. நீங்க ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்தா இதோட முடிச்சிருவேன். இல்லன்னா ரூம காலி பண்ணச் சொல்றாரு லா."

லெட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இவ்வளவுதானா? இது என் தொழில்! மாதிரிக் கடிதத்தைத் திறந்தேன். பெயர் என்ற இடத்தில் மனைவியின் பெயரைப் போட்டேன். அடுத்தது குற்றம்.

"அந்தக் காலி எடத்துல என்ன போடப்போறீங்க?" அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான். குழப்பம் பண்ணிட்டோம், அப்படி இப்படின்னு. ரெண்டு வரி. நீ கையெழுத்துப் போட்டா போதும், போயி கடல பாக்கலாம்."

"நான் போட மாட்டேன்."

"இந்தா, எத்தன பேருக்கு எழுதியிருக்கேன்..."

"எழுதுங்க. ஊருக்கெல்லாம் எழுதுங்க. அன்னிக்கு வாசல்ல நின்னு ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். அதுக்கு யாருகிட்ட லெட்டர் குடுத்தேன்? வீட்டத்தான் குடுத்தேன். இன்னிக்கு யோசிக்கல. நாப்பத்தி மூணு பேர மேல ஏத்துனேன். அதுக்கு லெட்டரா? என்ன குத்தம்னு நீங்களே சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

நான் கைப்பேசியைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் காலி இடத்தை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. சேவல், கொழுந்துப் பை, மட்டம், எதையாவது போட்டு அடைத்துவிடுவேன். இன்றைக்கு அது காலியாகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "தம்பி, சைரன் அடிச்சா எங்க போகணும்னு எங்கயாச்சும் எழுதி ஒட்டியிருக்கியா?"

"பூல்கிட்ட போர்டு இருக்கு ஆன்ட்டி."

"வா, காட்டு."

ஊர்வலமாகப் போனோம். போர்டு இருந்தது. ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பின்னால். மச்சான் அந்தப் பெட்டியை நகர்த்திப் படித்துப் பார்த்து, "தெளிவா எழுதியிருக்கு அக்கா. ஐஸ்கிரீம் தீந்து போனா எல்லாருக்கும் தெரியும்" என்றான். மேனேஜர் பையனின் காது சிவந்தது. பாவம், அவனுக்கும் மேலே ஒருவன் போனில் காத்திருக்கிறான். எனக்கு இந்த மாதிரி ஆளைத் தெரியும். எங்கள் கிராணியும் அப்படித்தான்.

"என்னமோ ஒன்னு எழுதிக் குடுங்க அங்கிள்" என்றான் மெதுவாக.

நான் மாதிரிக் கடிதத்தின் மூன்று பத்தியையும் அழித்தேன். குடும்பக் கஷ்டத்தை அழிப்பதுதான் கஷ்டமாக இருந்தது, அவ்வளவு நன்றாக எழுதி வைத்திருந்தேன். அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டு, மலாயில் ஐந்து வரி எழுதினேன். சைரன் அடித்தது. நாங்கள் ஏறினோம். கதவுகளைத் தட்டினோம். மறுபடி அடித்தாலும் ஏறுவோம், தட்டுவோம். கேக் நனைந்ததற்கு மட்டும் வருத்தம்.

அவன் இரண்டு தடவை படித்தான். "அங்கிள், இது மன்னிப்பு லெட்டரே இல்ல."

"ஆமா தம்பி, எனக்கும் இது புதுசு. நல்லா வந்திருக்கா?"

"இத அனுப்புனா நீங்க ஆறு மணிக்குள்ள ரூம காலி பண்ணணும்."

"அனுப்பு" என்றாள் என் மனைவி.

அவன் அனுப்பினான். நாங்கள் கம்பளிகளையும் ஸ்வெட்டர்களையும் மறுபடி வேனில் ஏற்றினோம். மஞ்சள் சட்டைக்காரர்கள் கூடத்தில் நின்று பார்த்தார்கள். மச்சான் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி அவர்களுக்குக் கை காட்டினான். சீனப் பெரியவர் மட்டும் திரும்பக் கை காட்டினார்.

வேனில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். "அந்த வீடியோவ போட்டுட்டாங்க மா. சிரிக்கிறாங்க. வீட்டுக்குப் போயிடலாமா?"

"எதுக்கு?"

"ரூம்தான் போச்சே."

"ரூமுதானடி போச்சு. கடலும் அவனோடதா?"

கொஞ்சம் தள்ளிப் பொதுக் கரை இருந்தது. வண்டியை நிறுத்தி, கம்பளியை மணலில் விரித்தோம். கம்பளிக்கு ஒரு வழியாக வேலை கிடைத்தது. மழை விட்டிருந்தது. அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. துணி துவைக்கும் மாக்சிக். எங்கள் அறை போனதைக் கேள்விப்பட்டவர், வேலை முடிந்து போகிற வழியில் எங்கள் வேனைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். எத்தனையோ வருஷமாக அங்கே வேலை செய்கிறாராம். சைரன் அடிக்கும்போதெல்லாம் துணி மடித்துக்கொண்டேதான் இருப்பாராம். இன்றைக்குத்தான் ஒருத்தி வந்து அவர் கதவைத் தட்டினாளாம். கம்போங்கில், அதாவது கிராமத்தில், தன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வந்து தங்குங்கள் என்றார். ஒரே ஒரு குறை, அங்கிருந்து கடல் தெரியாது, பின்னால் மலைதான் இருக்கிறது என்று சங்கடத்தோடு சொன்னார்.

என் மனைவியின் முகம் அந்த நாளில் முதல் தடவையாக மலர்ந்தது. "மலைக்கு ஏறப் பாத இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதுதான் நல்ல ரூமு."

மாக்சிக் வழி சொல்லிவிட்டு முன்னால் போனார். நாங்களும் கிளம்பலாம் என்று நான் கம்பளியை உதறப்போனேன். மனைவி கையை நீட்டித் தடுத்தாள். எழுந்து, பூட்ஸை இரண்டு தடவை மணலில் தட்டிவிட்டு நடந்தாள். பாய் இழுத்துப் போடுகிற வேலை இல்லை. கால் மணிக்கு ஒரு அடி இல்லை. நேராக நடந்தாள். ஓட்டமாக ஓடிவிட்டு வந்தவள் இப்போது ஓடவில்லை.

முதல் அலை பூட்ஸ் மேல் ஏறி இறங்கியது. இரண்டாவது அலை முழங்காலுக்கு வந்து, பூட்ஸுக்குள் விழுந்து நிறைந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பூட்ஸுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். கொழுந்தை அப்படித்தான் தேய்த்துப் பார்ப்பாள், முற்றலா இளசா என்று.

"சேறு இல்ல" என்றாள். "மணலு."

மகள் பாதி அழுதுகொண்டு பக்கத்தில் போய் நின்றாள். மச்சான் போனான். நானும் போனேன், துண்டு இல்லாமல், கால்சட்டையோடு. நான்கு பேரும் வரிசையாக நின்று அலையை வாங்கினோம். அவள் பூட்ஸ் கனத்து, ஒவ்வொரு அலைக்கும் மணலில் இன்னும் கொஞ்சம் புதைந்தது. கழற்றவில்லை. கரையில் யாரோ ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துப் படம் பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

"எல்லாரும் சொல்லுங்க" என்றாள் அவள், கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமல். "மலை எந்தப் பக்கம்?"

நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு கையும் தோளுக்கு மேலாக ஒரே பக்கம் நீண்டன.